பட்டணமா, பட்டணத்தை அடுத்த மாவட்டமா?
கடைக்கு இடம் தேடும் நம்மவர்க்கு ஒரு பாடம்

வணிகம் செய்யப் புறப்படுகிறவர் முதலில் கேட்பது "என்ன சரக்கு?" என்பது. அடுத்து "எவ்வளவு முதல்?" என்று கேட்கிறார். "எந்த இடம்?" என்ற கேள்வியை நம்மில் பலர் கேட்பதே இல்லை. மாமன் கடை மஸ்ஜித் இந்தியா சாலையில் இருந்தால் மருமகனும் அதே வட்டாரத்தில் இடம் பார்க்கிறார். ஊர்க்காரர்கள் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் இருந்தால் அடுத்து வருகிறவரும் அங்கேயே ஒரு கடை காலியாகுமா என்று காத்திருக்கிறார். பிறர் போன வழியில் போவது ஒரு காலத்தில் தவறாக இருக்கவில்லை. இன்று அந்த வழியில் போகுமுன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது அவசியமாகிவிட்டது.

இந்தப் பாடத்தில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம், பட்டணத்தை அடுத்த மாவட்டங்களில் கடை வைப்பதால் உண்டாகும் அனுகூலங்கள். பட்டணத்தை அடுத்த மாவட்டம் என்று நாம் சொல்வது முழுக் கிராமத்தையுமன்று, முழு நகரத்தையுமன்று. தோட்டமும் வயலும் ஒருபுறம், தொழிற்சாலையும் புதிய குடியிருப்பும் மறுபுறம், நடுவே பழைய கடைத்தெரு ஒன்று: இத்தகைய இடத்தையே குறிப்பிடுகிறோம். சிலாங்கூரின் 9 மாவட்டங்களில் கோல லங்காட், கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர், சபாக் பெர்ணம் ஆகிய 4 மாவட்டங்களின் பெரும் பகுதி இந்த வகையைச் சேர்ந்தது. பந்திங், ஜெஞ்சாரோம், தெலுக் பங்ளிமா காராங், ஈஜோக், தஞ்சோங் காராங், சுங்கை புசார் முதலிய ஊர்களை நம் வாசகர்கள் அறிவார்கள். கிள்ளான் மாவட்டத்திலேயே காப்பார், மேரு பக்கத்தையும் இதனோடு சேர்த்துக்கொள்ளலாம்.

நம்மவர் பட்டணத்துக்கு வந்த விதம்

நம் முன்னோர் ஏன் பட்டணத்தில் கடை வைத்தார்கள்? கப்பலும் ரயிலும் அங்கேதான் வந்து நின்றன. 1886-ஆம் ஆண்டில் கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. 1890-இல் ஆற்றின் மேல் பாலம் அமைந்து ரயில் கிள்ளானுக்குள்ளேயே வந்தது. 1901-இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. அதையே 1972 முதல் போர்ட் கிள்ளான் என்று அழைக்கிறோம். சரக்கு இறங்குமிடம் கிள்ளான், சரக்கு பிரியுமிடம் கோலாலம்பூர். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஊழியர்களின் குடியிருப்புகள் எழுந்தன. மாதச் சம்பளக்காரர்கள் ஓரிடத்தில் கூடினால் துணிக்கடையும் மளிகைக்கடையும் சாப்பாட்டுக் கடையும் அங்கே கூடுவது இயற்கை.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. நம்மவர் பட்டணத்தில் கடை வைத்திருந்தார்களே தவிர, பட்டணத்திலேயே அடங்கிக் கிடக்கவில்லை. சைக்கிளின் பின்புறம் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு, சம்பள நாள் பார்த்துத் தோட்டத்து லயங்களுக்குப் போனவர்கள் அவர்கள். ரொட்டிக் கூடையோடு கம்பத்துப் பாதைகளில் மணியடித்துப் போனவர்களும் அவர்களே. எந்தத் தோட்டத்தில் எந்தத் தேதியில் சம்பளம், எந்தக் கம்பத்தில் எப்போது கல்யாண காலம் என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஆகவே நாட்டுப்புறம் நமக்குப் புதிதன்று. நாம் விட்டுவிட்டு வந்த இடம் அது.

நிலைமை மாறியது

மூன்று மாறுதல்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, வாடகை. 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையைக் கட்டுக்குள் வைத்திருந்தது. பழைய கடைவீடுகளில் இருந்த வணிகர்கள் பலர் அந்த நிழலில் பிழைத்தார்கள். 1997-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது; சிறிது காலத் தவணைக்குப் பின் வாடகை சந்தை நிலவரத்துக்குப் போயிற்று. தந்தை காலத்துக் கடையை மகன் அதே சாலையில், ஆனால் வேறு வாடகையில் நடத்த வேண்டியதாயிற்று. 2001-இல் பிரிக்பீல்ட்ஸை ஒட்டிக் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. 2010 அக்டோபரில் அவ்வட்டாரம் லிட்டில் இந்தியா என்று அதிகாரபூர்வமாகத் தொடக்கம் கண்டது. கூட்டமும் வந்தது, இடத்தின் மதிப்பும் உயர்ந்தது. கூட்டத்தால் கிடைத்ததில் எவ்வளவு கடைக்காரர் கையில் நின்றது, எவ்வளவு கட்டட உரிமையாளருக்குப் போயிற்று என்பதை அவரவர் கணக்குப் புத்தகம் சொல்லும்.

இரண்டாவது, வாடிக்கைக்காரர். தோட்டங்கள் நகரங்களாயின. எஃபிங்ஹாம் தோட்டம் 1950-களில் பெட்டாலிங் ஜெயா ஆயிற்று. சீபீல்ட் தோட்டம் 1970-களிலிருந்து சுபாங் ஜெயா ஆயிற்று. பிராங் பெசார் தோட்டம் 1990-களில் புத்ராஜெயா ஆயிற்று. அங்கிருந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல திசைகளில் சிதறின. சம்பள நாளன்று பஸ் ஏறிப் பட்டணத்துக்கு வந்து துணி எடுத்த குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் இன்று குடியிருப்புக்குப் பக்கத்திலுள்ள பேரங்காடியில் வாங்குகிறார்கள். அல்லது கைப்பேசியில் வாங்குகிறார்கள்.

மூன்றாவது, சாலை. முன்பு பட்டணத்தை விட்டு விலகினால் சரக்கு வந்து சேராது. இன்று அப்படியில்லை. காப்பார், கிள்ளான், பந்திங், மோரிப் ஊர்களை 5-ஆம் எண் கூட்டரசுச் சாலை ஒரே கோட்டில் இணைக்கிறது. ஈஜோக்கை ரவாங் பக்கத்தோடு இணைக்கும் நெடுஞ்சாலை 2011-இல் திறக்கப்பட்டது. காஜாங்கிலிருந்து பூலாவ் இண்டா துறைமுகப் பக்கம் வரை தென் கிள்ளான் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலை செல்கிறது. பந்திங்கிலிருந்து தைப்பிங்குக்குப் போகும் மேற்குக் கரை நெடுஞ்சாலையின் பகுதிகள் 2019 முதல் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டு வருகின்றன. கிள்ளானில் காலையில் ஏற்றிய சரக்கு பொழுது ஏறுமுன் பந்திங்கில் இறங்கிவிடும்.

ஒரு கணக்கு

அனுகூலம் என்றவுடன் "வாடகை குறைவு" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். உண்மை, ஆனால் அது பாதி உண்மை. வாடகை குறைவதால் மாதம் சில ஆயிரம் வெள்ளி மிஞ்சுகிறது என்பதைவிட முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. அதை ஒரு கணக்கால் விளக்குவோம். இதில் வரும் தொகைகள் கற்பிதமே. வாசகர்கள் தத்தம் தொகையை இட்டுப் பார்க்க வேண்டும்.

பட்டணத்தில் ஒரு மளிகைக் கடை. வாடகை 9,000 வெள்ளி. 6 பேருக்குத் தலைக்கு 1,700 வீதம் சம்பளம் 10,200. மின்சாரம், சேமநிதி முதலிய இதர செலவு 2,800. ஆக மாதச் செலவு 22,000 வெள்ளி. விற்பனையில் 100-க்கு 20 வெள்ளி மிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டால், செலவை ஈடுகட்டவே மாதம் 1,10,000 வெள்ளிக்கு விற்றாக வேண்டும்.

அடுத்த மாவட்டத்தில் அதே அளவு கடை. வாடகை 2,500. 4 பேருக்குச் சம்பளம் 6,800. சரக்கு லாரிச் செலவையும் சேர்த்து இதர செலவு 2,700. ஆக மாதச் செலவு 12,000. சிற்றூரில் விலை கூட்டி விற்க இயலாது. ஆதலால் 100-க்கு 18 வெள்ளிதான் மிஞ்சும் என்று வைப்போம். அப்போதும் 66,700 வெள்ளி அளவு விற்றால் செலவு ஈடாகிவிடும்.

இப்போது இருவரிடமும் கைம்முதலாக 60,000 வெள்ளி இருக்கிறது என்று கொள்வோம். கெட்ட காலம் வருகிறது. இரு கடைகளிலும் விற்பனை அந்த அளவில் பாதியாகிறது. பட்டணத்துக் கடைக்கு மாதம் 11,000 நஷ்டம். ஐந்து மாதம் கழிந்து ஆறாம் மாதத்தில் கைம்முதல் தீர்ந்துவிடும். மற்றவருக்கு மாதம் 6,000 நஷ்டம். அவர் 10 மாதம் நிற்பார்.

2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது சில மாதங்கள் தாக்குப்பிடிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நாம் எல்லாரும் கண்டோம். ஆகவே குறைந்த வாடகையின் முதற்பயன் லாபமன்று, கால அவகாசம். புதுக் கடை ஊருக்கு அறிமுகமாவதற்கும், தவறான சரக்கை மாற்றிச் சரியான சரக்கைக் கண்டுபிடிப்பதற்கும், மகன் தொழில் பழகுவதற்கும் அவகாசம் வேண்டும். பட்டணம் அந்த அவகாசத்தை மிக அதிக விலைக்கு விற்கிறது; அடுத்த மாவட்டம் குறைந்த விலைக்குத் தருகிறது. இந்தப் பாடத்தின் சாரம் இதுவே.

மற்ற அனுகூலங்கள்

வேலையாள் தங்குமிடம்: நம் சாப்பாட்டுக் கடைகளுக்கு இது பெரும் தலைவலி. தொழிலாளர் தங்குமிட வசதிபற்றிய 446-ஆம் எண் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டு 2020 முதல் எல்லாத் துறைகளுக்கும் விரிந்தது. கடைக்கு மேல் மாடியில் பத்துப் பேரை நெருக்கி வைப்பது இப்போது சட்டத்துக்கும் ஆகாது, நியாயத்துக்கும் ஆகாது. ஒரு முழு வீட்டை வாடகைக்கு எடுத்துக் கௌரவமாகத் தங்க வைப்பது பந்திங்கில் எளிது, பிரிக்பீல்ட்ஸில் எளிதன்று.

கிட்டங்கி: பட்டணத்தில் சரக்கு வைக்க இடமில்லாமல் அன்றாடம் வாங்கி அன்றாடம் விற்கிறோம். இட வசதி இருந்தால் விலை இறங்கியபோது மொத்தமாக வாங்கி வைக்கலாம். வெங்காயம், பருப்பு, மிளகாய் வற்றல் போன்றவற்றில் லாபம் வாங்கும்போதே பிறக்கிறது என்பது பழைய வணிகர்களுக்குத் தெரியும். ஈரமும் பூச்சியும் அண்டாத கிட்டங்கி வைத்திருப்பவருக்கே அந்த லாபம்.

முகம் தெரிந்த வாடிக்கை: பட்டணத்தில் வாசலைக் கடப்பவர் ஆயிரம் பேர், திரும்பி வருபவர் எத்தனை பேர்? சிற்றூரில் கடப்பவர் நூறு பேராயினும் அந்த நூறு பேரும் நாளையும் கடப்பார்கள். நிறுவையில் நேர்மை, சொன்ன சொல் மாறாமை, பழைய சரக்கை மறைத்துத் தள்ளாமை ஆகிய குணங்களுக்குப் பட்டணத்தில் விளம்பரம் இல்லை. சிற்றூரில் அவையே விளம்பரம். அங்கே ஒரு நாணயமான கடை ஓராண்டில் ஊர்ச் சொத்தாகிவிடும். ஒரு மோசமான கடை ஒரே மாதத்தில் ஊரெல்லாம் தெரிந்துவிடும். அமானிதத்தைப் பேணுகிறவருக்கு இது அனுகூலம். பேணாதவருக்கு இதைவிட ஆபத்தான இடம் வேறில்லை.

நிலத்தின் வளர்ச்சி: இன்று தோட்டம், நாளை நகரம் என்பதை மேலே கண்டோம். சிலாங்கூர் அரசு 2021 முதல் 2025 வரைக்கான தன் திட்டத்தில் தென் சிலாங்கூருக்கும் சபாக் பெர்ணமுக்கும் தனித்தனி வளர்ச்சித் திட்டங்களை வகுத்தது. கிள்ளான் 2024 பிப்ரவரியில் அரச மாநகராயிற்று. மாநகரம் பெருக்கும்போது அதன் ஓரங்களும் பெருக்கின்றன. வாடகை குறைவாக இருக்கும்போதே கடையைச் சொந்தமாக வாங்கிக்கொள்ள முடிந்தவருக்கு வாடகைக் கவலையே தீர்ந்துவிடும்.

கோத்தா பாருவிலிருந்து ஒரு சான்று

"பட்டணத்துக்கு வெளியே இருந்தால் பெரிய வணிகராக முடியுமா?" என்று இளைஞர்கள் கேட்கலாம். நம் சமூகத்திலேயே சான்று உண்டு. இன்று நாடெங்கும் பெயர் பெற்ற மைதீன் பேரங்காடி 1957-இல் கோலாலம்பூரில் பிறக்கவில்லை. கிளந்தான் மாநிலத்தின் கோத்தா பாருவில், பொம்மைகள் விற்கும் ஒரு சிறு கடையாகத் தொடங்கியது. 1979-இல் அது கோல திரங்கானுவுக்குச் சென்றது. மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் கால் வைத்ததோ 1989-இல்தான். தொடங்கி 32 ஆண்டுகளுக்குப் பிறகே அது தலைநகரத்துக்கு வந்தது.

இதிலிருந்து நாம் பெறும் படிப்பினை யாது? கோத்தா பாரு கிராமமன்று. ஆனால் நாட்டின் பெருஞ்சந்தைகளுக்குத் தூரமான ஊர். அங்கே வாங்குவோரில் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். வீண்செலவு செய்யாத, விலை பார்த்து வாங்கும் குடும்பங்கள். அவர்களுக்கு என்ன தேவை, எவ்வளவு விலை தாங்கும் என்பதைக் கற்றவர்கள் அந்தக் கல்வியைக் கொண்டு தலைநகரத்துக்கு வந்தார்கள். எளிய குடும்பத்தை மகிழ்விக்கத் தெரிந்தவர் எங்கும் விற்கலாம்.

எச்சரிக்கைகள்

அனுகூலங்களை மட்டும் எழுதி நிறுத்திக்கொண்டால் அது பாடமாகாது, விளம்பரமாகும். ஆகவே ஆபத்துகளையும் சொல்லிவிடுகிறோம்.

1. சம்பளம் குறையும் என்று எண்ண வேண்டாம். 2020-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாநகர, நகராட்சிப் பகுதிகளில் 1,200 வெள்ளியாகவும் பிற இடங்களில் 1,100 வெள்ளியாகவும் இருந்தது. பின்னர் அந்த வேறுபாடு நீங்கிவிட்டது. 2025 ஆகஸ்டு முதல் எல்லா முதலாளிகளும் எங்கிருந்தாலும் 1,700 வெள்ளிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். ஆட்களின் எண்ணிக்கையில்தான் சிக்கனம், சம்பளத்திலன்று.

2. ஒரே தோட்டத்தையோ ஒரே தொழிற்சாலையையோ நம்பிக் கடை வைக்க வேண்டாம். கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமாரம் தோட்டத்தில் 1917-இல் நாட்டின் முதல் வணிக முறை செம்பனை நடவு நடந்தது. பிற்காலத்தில் ரப்பரை அகற்றிச் செம்பனை நட்ட தோட்டங்களில் ஆள் தேவை குறைந்தது, லயங்கள் காலியாயின. அந்த லயங்களையே நம்பியிருந்த கடைகளும் அவற்றோடு மூடின. கம்பம், புதுக்கிராமம், தொழிற்சாலை, பள்ளிக்கூடம், அரசு அலுவலகம் ஆகியவற்றில் குறைந்தது மூன்றாவது கடைக்கு அருகில் இருக்க வேண்டும்.

3. "இங்கே பெரிய நகரம் வரப்போகிறது" என்ற பேச்சை நம்பி முதலைக் கொட்ட வேண்டாம். உலு சிலாங்கூரின் புக்கிட் பெருந்தோங்கில் 1990-களில் புதுநகரம் எழுந்தது. 1997-இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் அங்கே வீடுகளும் கடைவீடுகளும் நெடுங்காலம் ஆளின்றிக் கிடந்தன. வரப்போகும் ஜனங்களுக்காக அன்று, ஏற்கெனவே இருக்கும் ஜனங்களுக்காகக் கடை வையுங்கள். மற்றவர்கள் வந்தால் அது கூடுதல் லாபம்.

4. சாலை தருவதைச் சாலையே எடுத்துக்கொள்ளும். 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையடைந்தபின், பழைய 1-ஆம் எண் சாலையில் வழிப்பயணிகளை நம்பியிருந்த சாப்பாட்டுக் கடைகள் பல வாடின. வழிப்போக்கரை நம்பும் கடையா, உள்ளூராரை நம்பும் கடையா என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள்.

5. பெருங்கடைகள் அங்கும் உண்டு. கிள்ளானில் 1987-இல் ஒரு சிறு மளிகைக் கடையிலிருந்து கிளைத்த 99 ஸ்பீட்மார்ட் நிறுவனம் 2024 செப்டம்பரில் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. அதன் கிளைகளைச் சிற்றூர்களிலும் காண்கிறோம். சவர்க்காரத்திலும் பால் டின்னிலும் அதனோடு விலைப்போட்டி போடுவது வீண். அது விற்காததை விற்க வேண்டும்: கண்முன் அரைத்துக் கொடுக்கும் மசாலா, சில்லறையாக நிறுத்துக் கொடுக்கும் பருப்பு, கல்யாணத்துக்கும் கந்தூரிக்கும் மொத்தச் சாமான், வேண்டிய அளவில் வெட்டிக் கொடுக்கும் துணி.

6. கடன். சிற்றூரில் முகம் பார்த்துக் கடன் கொடுக்காமல் முடியாது. அளவின்றிக் கொடுத்தாலும் முடியாது. ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு என்று எல்லை வைத்து, எழுதி, சம்பள நாளில் நேர்செய்யும் பழக்கம் வேண்டும். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது மார்க்கம் நமக்குக் கற்பித்த ஒழுங்கு. எழுதாத கடனால் பணமும் போகும், நட்பும் போகும்.

7. வெள்ளம். 2021 டிசம்பர் வெள்ளத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கு பட்ட பாட்டை மறந்துவிடக் கூடாது. கடற்கரைச் சமவெளியில் இடம் பார்க்கும்போது பக்கத்துக் கடைக்காரரிடம் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேளுங்கள். சுவரைக் காட்டுவார்.

எந்த வணிகம் பொருந்தும்?

வணிகத்தை மூன்று வகையாகப் பிரிக்கலாம். வாடிக்கைக்காரர் நம்மைத் தேடி வருவது ஒரு வகை. நாம் அவரைத் தேடிப் போவது இன்னொரு வகை. சரக்கு மட்டும் போய்ச் சேருவது மூன்றாம் வகை.

நகைக் கடை, நாணயமாற்று, பெருநாள் பட்டுத்துணி போன்றவை முதல் வகை. நாலு கடை ஏறி இறங்கி ஒப்பிட்டு வாங்குகிற சரக்குக்குக் கடைகள் கூடியிருக்கும் பட்டணமே பொருத்தம். மஸ்ஜித் இந்தியா வட்டாரமும் தெங்கு கிளானா சாலையும் அவற்றுக்கு நிலைக்கும்.

உணவகங்களுக்குச் சரக்கு கொடுப்பது, பசார் மாலாமில் விற்பது, பள்ளிக்கூடங்களுக்குச் சீருடை தைத்துக் கொடுப்பது ஆகியவை இரண்டாம் வகை. மசாலை அரைத்துப் பொட்டலமிடுவது, ஊறுகாய், முறுக்கு, மிக்ஸர் தயாரிப்பது, கைப்பேசி வழி விற்பது ஆகியவை மூன்றாம் வகை. இந்த இரண்டு வகையினரும் பட்டணத்தில் கடை வாடகை கொடுப்பது பெரும்பாலும் வீண்செலவே. வாங்குகிறவர் அவர்கள் வாசலைப் பார்ப்பதே இல்லை.

சாப்பாட்டுக் கடை இருபுறமும் பொருந்தும். அடுத்த மாவட்டத்தில் வைத்தால் அங்குள்ளவரின் நாவுக்குச் சமைக்க வேண்டும். கோல லங்காட்டிலும் சபாக் பெர்ணமிலும் ஜாவா வழிவந்த கம்பத்து மக்கள் பலர். ஜெஞ்சாரோம் அவசரகாலத்தில் உருவான சீனப் புதுக்கிராமம். கேரித் தீவில் மா மெரி பூர்வகுடியினர் வாழ்கிறார்கள். தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் உழைக்கிறார்கள். தமிழ்த் தோட்டத் தொழிலாளியை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு இன்று அங்கே போகிறவர் அரை நூற்றாண்டு தாமதமாகப் போகிறார்.

கையெழுத்திடுமுன் செய்ய வேண்டியவை

இடம் மனத்துக்குப் பிடித்துவிட்டால் அவசரப்படாமல் பின்வருவனவற்றைச் செய்யுங்கள்.

ஒரு வாரம் அந்த ஊரில் நின்று பாருங்கள். ஒரு சாதாரண நாள், ஒரு சம்பள நாள், ஜும்ஆ நாள், பசார் மாலாம் நாள் என நான்கையும் பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம்.

மாவட்ட நில அலுவலகத்தில் அதிகாரபூர்வமான பட்டாத் தேடுதல் செய்யுங்கள். 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் நிலத்தை விவசாயம், கட்டடம், தொழில் என வகைப்படுத்துகிறது. விவசாய நிலத்தில் மசாலை ஆலை நடத்தினால் பிறகு தொல்லை வரும். வகை மாற்ற வேண்டுமானால் முதலில் அனுமதி பெற வேண்டும். மலாய் ஒதுக்கீட்டு நிலமா என்பதையும் அப்போதே அறிந்துகொள்ளுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தை எழுதி முத்திரையிடுங்கள். 3 ஆண்டுக்கு மேற்படாத வாடகைக்குப் பட்டாவில் பதிவு தேவையில்லை. அதற்கு மேற்பட்டால் குத்தகையாகப் பதிவு செய்ய வேண்டும். குறுகிய ஒப்பந்தமானாலும், முடிந்தபின் புதுப்பிக்கும் உரிமையும், அப்போது வாடகை எவ்வளவு ஏறலாம் என்ற வரம்பும் அதில் எழுதப்பட வேண்டும். ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பின் இடத்தை விட்டுப் போகச் சொன்னால் நஷ்டம் நமக்கே.

வணிகம் தொடங்கிய 30 நாளுக்குள் கம்பெனி ஆணையத்தில் பதிவு செய்வது சட்டம். வணிக உரிமமும் பெயர்ப்பலகை உரிமமும் அந்தந்த நகராட்சியில் பெற வேண்டும். கிள்ளானில் வாங்கிய உரிமம் பந்திங்கில் செல்லாது. பழைய கடையின் கிளையாயினும் புது உரிமமே.

ஓராண்டுச் செலவுக்கான கைம்முதல் இல்லாமல் கதவைத் திறக்க வேண்டாம். மேலே போட்ட கணக்கின் பயன் அதுவே.

குடும்பம்

கணக்குக்கு அடங்காத விஷயமும் ஒன்றுண்டு. பட்டணத்துக் கடைக்காரர் பலர் விடியலில் போய் நள்ளிரவில் திரும்புகிறார்கள். பிள்ளைகள் தந்தையைத் தூங்கும்போதுதான் காண்கிறார்கள். கடை என்பது தந்தையைத் தம்மிடமிருந்து எடுத்துக்கொண்ட ஒன்று என்று வளரும் பிள்ளை, படித்தபின் அந்தக் கடையை ஏற்க மறுப்பதில் வியப்பில்லை. நம் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்படுவதற்கு வாடகை மட்டும் காரணமன்று. வாரிசு இல்லாமையும் காரணம்.

கடைக்கும் வீட்டுக்கும் பத்து நிமிடத் தூரமுள்ள ஊரில், பள்ளி விட்டு வரும் பிள்ளை ஒரு மணி நேரம் கல்லாவில் உட்கார முடியும். வாடிக்கைக்காரரின் பெயரை அறிந்துகொள்ளும். எந்தச் சரக்கு போகிறது, எது தேங்குகிறது என்று பார்க்கும். தொழில் பழகுவது இப்படித்தான். இல்லத்தரசியும் கணக்கைக் கவனிக்க முடியும். குர்ஆன் மதரசா, தமிழ்ப் பள்ளி, மருத்துவமனை ஆகியவை எவ்வளவு தூரம் என்பதையும் பாருங்கள். அவை மிகத் தூரமானால் குடும்பம் ஓரிடம், கடை ஓரிடம் என்றாகிவிடும். அப்போது இந்த அனுகூலம் இல்லாமற்போகும்.

புதிய ஊரில் தனிக் குடும்பமாகப் போய் நிற்பது கடினம் என்பதையும் உணர்ந்திருக்கிறோம். முன்பு நம்மவர் பங்குக் கடை வைத்தார்கள்; ஒருவர் ஊருக்குப் போனால் மற்றவர் கடையைப் பார்த்தார். அந்த வழக்கத்தை இன்றைக்கு ஏற்றபடி புதுப்பிக்கலாம். பட்டணத்தில் வேரூன்றிய ஒருவர் சரக்கு தரட்டும்; இளைஞர் ஒருவர் உழைப்புத் தரட்டும்; லாபத்தின் பங்கை முன்கூட்டியே எழுதிக்கொள்ளட்டும். இரண்டு மூன்று குடும்பங்கள் ஒரே மாவட்டத்துக்குப் போனால் சரக்கு லாரி ஒன்றே போதும். நோன்பு காலத்தில் பக்கத்தில் நம்மவர் இருக்கிறார் என்ற துணையும் உண்டு.

கலந்து பேச

சங்கக் கூட்டங்களிலும் குடும்பங்களிலும் பின்வரும் கேள்விகளைக் கலந்து பேசுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

1. நம் கடையின் மாதச் செலவில் வாடகை 100-க்கு எவ்வளவு? 10 ஆண்டுக்கு முன் எவ்வளவு இருந்தது?
2. விற்பனை பாதியானால் நாம் எத்தனை மாதம் நிற்போம்?
3. மேற்சொன்ன மூன்று வகையில் நம் வணிகம் எந்த வகை? அந்த வகைக்குப் பட்டண வாசல் தேவைதானா?
4. நம் கடையை ஏற்று நடத்த யார் இருக்கிறார்? அவரைக் கேட்டோமா?

எல்லாரும் பட்டணத்தை விட்டுப் போக வேண்டும் என்பது எம் கருத்தன்று. பட்டணத்தில் நன்றாக நடக்கும் கடையை மூடிவிட்டு ஓட வேண்டியதில்லை. ஆனால் இடம் மாற நினைப்பவரும், இரண்டாம் கடை வைக்க எண்ணுபவரும், முதன்முதலாகத் தொழில் தொடங்கும் இளைஞரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை 5-ஆம் எண் சாலையில் வண்டியை விடுங்கள். காப்பாரிலிருந்து பந்திங் வரை ஒவ்வொரு கடைத்தெருவிலும் இறங்கி, காலியான கதவுகளை எண்ணி, வாடகையைக் கேட்டு, தேநீர் குடித்துக்கொண்டே ஊர் நிலவரத்தை விசாரித்துக் குறித்துக்கொண்டு வாருங்கள். பெட்ரோல் செலவைத் தவிர வேறு நஷ்டமில்லை. அந்தக் குறிப்பைப் பட்டணத்துக் கணக்குப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முடிவு அவரவருடையது. பரக்கத்தை அளிப்பவன் இறைவன்; கணக்குப் பார்ப்பது நம் கடமை.